நீச்சல் வீராங்கனையின் தோள்பட்டை வலி: ஓய்வு போதுமா, பயிற்சியையே மாற்ற வேண்டுமா?

குளக்கரை_அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 15 வயது ஆகிறது. சென்னையில் போட்டி நீச்சலுக்கான பயிற்சி பெற்று வருகிறாள். 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலும் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையும் அவளுடைய பிரிவுகள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காகப் பிப்ரவரியிலிருந்து குளத்துப் பக்கமே போகாமல் இருந்தவள், தேர்வு முடிந்த கையோடு காலை, மாலை என இரண்டு வேளையும் தண்ணீரில் இறங்கிவிட்டாள். வாரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர் நீந்துவதாகப் பயிற்சியாளர் சொல்கிறார். மாநிலப் போட்டி நெருங்குவதால் விடுமுறை எடுக்கவும் அவளுக்கு மனமில்லை.

வலது தோளின் முன்புறத்திலும் மேற்புறத்திலும் வலிக்கிறது. தொடக்கத்தில் பயிற்சி முடிந்த பிறகு மட்டும் இருந்த வலி, இப்போது வார்ம்-அப் நீந்தும்போதே வந்துவிடுகிறது. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைகிறது. சடை பின்னக் கையைத் தூக்கும்போதுகூட முகம் சுளிக்கிறாள்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வலியோடு நீந்தினால்தான் தோள் பழகும் என்கிறார் பயிற்சியாளர். எலும்பு மருத்துவர் மூன்று வாரம் முழு ஓய்வு எடுக்கச் சொல்லி, எம்ஆர்ஐ எடுக்கவும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய் தேய்த்து நன்றாக உருவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். இவற்றில் எதைக் கேட்பது? எம்ஆர்ஐ இப்போதே அவசியமா? அவளுடன் பயிலும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பிள்ளை ஒருத்திக்கு முழங்காலின் உட்புறம் வலிக்கிறதாம். அதுவும் இதே வகைச் சிக்கல்தானா? அனுபவம் உள்ளவர்கள் சற்று விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

தோள்_பிசியோ எழுதியது:

வணக்கம் ஐயா. நான் விளையாட்டு வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்ட். நேரில் பார்க்காமல் இன்ன பாதிப்பு என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்கள் பதிவில் வலியைக் காட்டிலும் முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பொதுத்தேர்வு இடைவெளிதான். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் என்னிடம் வரும் நீச்சல் பிள்ளைகளில் பலர், பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ எழுதிவிட்டு நேராகப் பழைய அளவுக்கே பயிற்சிக்குத் திரும்பியவர்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழைய நிலையை எட்டிவிடும்; தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு விரைவாகத் தேறுவதில்லை. மூச்சு வாங்காததால் தன்னால் முடிகிறது என்று பிள்ளை நம்புகிறாள், நேரம் குறைவதைப் பார்த்துப் பயிற்சியாளரும் நம்புகிறார், தோள் மட்டும் பின்தங்கி நிற்கிறது.

தோளின்மீது விழும் வேலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 50 மீட்டர் குளத்தில் ஒரு நீளத்தைக் கடக்க இந்த வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ 40 கைவீச்சுகள் தேவைப்படும். ஒரு நாளைக்கு 5 கிலோமீட்டர் என்றால் 100 நீளம், 4,000 கைவீச்சு, ஒவ்வொரு தோளுக்கும் 2,000. வாரத்துக்கு 30 கிலோமீட்டர் என்றால் ஒரு தோளுக்கு 12,000 முறை. ஃப்ரீஸ்டைலில் முன்னேறும் விசையின் பெரும்பகுதி கைகளிலிருந்தே வருவதால், இத்தனை முறையும் தோள் சும்மா சுழல்வதில்லை. தண்ணீரைப் பிடித்து உடலை முன்னே இழுக்கிறது. அந்த மூட்டோ அகல் விளக்கின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் போன்றது: குழி ஆழமில்லை, பந்து பெரிது. பந்தைக் குழியில் நிறுத்தி வைக்கும் பொறுப்பு ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளுக்கும், முதுகில் உள்ள தோள்பட்டை எலும்பை இயக்கும் தசைகளுக்கும் உரியது.

இந்த வலிக்கு நீச்சல்காரர் தோள் என்ற பெயரை 1974-இல் கென்னடி, ஹாக்கின்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் மகளின் கையை முன்னே உயர்த்தி, முழங்கையை மடக்கி, முன்கையைக் கீழ்நோக்கித் திருப்பி மருத்துவர் ஒரு சோதனை செய்திருப்பார். அதற்கும் அந்த இருவரின் பெயர்தான். அக்காலத்தில், கையைத் தூக்கும்போது தோளின் மேல் எலும்புக்கு அடியில் தசைநாண் நசுங்குவதே காரணம் என்று கருதினார்கள். இப்போது அதை ஒரே காரணமாக யாரும் கொள்வதில்லை. வேலை மிகுந்து தடித்துப்போன தசைநாண், இயல்புக்கு மீறித் தளர்ந்த மூட்டு, களைத்த தோள்பட்டைத் தசைகள், கழுத்திலிருந்து பரவும் வலி எனப் பல சிக்கல்கள் இந்த ஒரே பெயருக்குள் அடங்குகின்றன. அதனால்தான் ஒருவருக்குப் பலித்த சிகிச்சை இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

பயிற்சி அளவுக்கும் தசைநாண் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஓர் ஆய்வு ஆஸ்திரேலியாவிலிருந்து 2010-இல் வெளியானது. 13 முதல் 25 வயது வரையிலான 80 முன்னணி நீச்சல் வீரர்களில் 91 விழுக்காட்டினர் தோள்வலி இருப்பதாகக் கூறியிருந்தனர். எம்ஆர்ஐ எடுக்கப்பட்ட 52 பேரில் 69 விழுக்காட்டினருக்குத் தோளின் மேல்புறத் தசைநாணில் மாற்றம் தெரிந்தது. வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல் பயின்றவர்களுக்கு அந்த மாற்றம் இருக்கும் வாய்ப்பு இரு மடங்கு. 35 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியவர்களுக்கு நான்கு மடங்கு.

உங்கள் எம்ஆர்ஐ கேள்விக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. போட்டி நீச்சலில் இருக்கும் தோளைப் படம் எடுத்தால் ஏதாவது ஒரு மாற்றம் தெரியத்தான் செய்யும். அறிக்கையில் உள்ள வார்த்தையைப் படித்துப் பிள்ளை பயந்துபோவாள். சிகிச்சையின் முதல் ஆறு வாரம் பெரும்பாலும் மாறப்போவதில்லை. அதற்காக மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தூக்கிப்போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதைத் தேடுவதற்காக இந்தப் படம் என்று அவரிடமே கேளுங்கள். தோள் நழுவிய உணர்வு, விழுந்து அடிபட்டது, கையைத் தூக்கவே முடியாத பலவீனம், காய்ச்சலோடு வரும் வலி, அசையாமல் கிடந்தாலும் இரவில் குடையும் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் படம் உடனே எடுக்கப்பட வேண்டும். 15 வயதில் மேற்கை எலும்பின் வளர்ச்சித் தகடு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) இன்னும் மூடாமல் இருக்கக்கூடும் என்பதால், எலும்பையே அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் சாதாரண எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.

வீட்டிலேயே நீங்கள் ஒன்றைப் பார்க்கலாம். முதுகு தெரியும் உடையில் அவளை உங்களுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்லக் கீழே இறக்கச் சொல்லுங்கள். உயர்த்தும்போது இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், இறக்கும்போது வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு முதுகிலிருந்து எழும்பித் துருத்துகிறதா என்று கவனியுங்கள். பத்துத் தடவை செய்த பிறகுதான் சிலருக்கு அது வெளிப்படும். அப்படித் துருத்தினால், அந்த எலும்பை விலா எலும்புக்கூட்டோடு அணைத்து வைக்கும் செரேட்டஸ் தசை களைத்துப்போகிறது என்று பொருள். ஃப்ரீஸ்டைலில் கைவீச்சின் எல்லாக் கட்டங்களிலும் ஓய்வின்றி உழைக்கும் இரண்டு தசைகளில் அது ஒன்று என்பது, தசைகளின் மின்னியக்கத்தைப் பதிவுசெய்து பார்த்த ஆய்வுகளிலிருந்து தெரியவந்தது.

மூன்று யோசனைகளுக்கும் வருகிறேன். வார்ம்-அப்பிலேயே வந்துவிட்ட வலி பழகிப் போகாது. முழு ஓய்வு வலியைக் குறைக்கும், ஆனால் தசைநாணைப் பலப்படுத்தாது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் 30 கிலோமீட்டருக்கே போனால், தேர்வுக்குப் பிறகு நடந்ததே திரும்ப நடக்கும். எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை, இதமாக இருக்கும். வலிக்கிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி உருவுவதும் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி இழுப்பதும் வேண்டாம். குளக்கரையில் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பின்னால் இழுத்து ஸ்ட்ரெட்ச் செய்துகொள்ளும் வழக்கமும் இதில் சேரும். நீச்சல் பிள்ளைகள் பலருக்கு மூட்டு ஏற்கெனவே தளர்வானது. அதை மேலும் இழுத்து வைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பந்தும்_வலையும் எழுதியது:

பல ஆண்டுகள் வாட்டர் போலோ (குளத்தில் நீந்தியபடியே ஆடும் பந்தாட்டம்) ஆடிவிட்டு இப்போது இளையோருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பிசியோ எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கிலோமீட்டரை மட்டுமே குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே குளத்தில் அதே 30 கிலோமீட்டரை நீந்தும் பத்துப் பிள்ளைகளில் இருவருக்குத்தான் தோள் வலிக்கிறது. அந்த இருவரையும் கடைசிச் செட்டில் தடத்தின் முனையில் நின்று நேருக்கு நேர் பாருங்கள். தொடக்கத்தில் தோளுக்கு நேராக இறங்கிய கை, களைத்த பிறகு தலையின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய் விழும். சிலருக்குக் கட்டைவிரல் முதலில் தண்ணீரைக் குத்தும். இரண்டிலும் தோள் உட்புறமாகத் திருகிய நிலையில் சுமையை வாங்குகிறது. மூச்சை எப்போதும் ஒரே பக்கம் எடுப்பவர்களுக்கு உடல் ஒரு பக்கம்தான் நன்றாக உருளும். உருளாத பக்கத்துத் தோள், கையை முன்னே கொண்டுவரத் தனியாகப் போராட வேண்டும். மகள் எந்தப் பக்கம் மூச்செடுக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். கைபேசியில் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பயிற்சியாளரோடு வாதாட வேண்டிய தேவையே இருக்காது.

கைக்குப் பேடில் (தண்ணீரை அதிகம் தள்ள உள்ளங்கையில் மாட்டும் தட்டு) மாட்டி நீந்துவதை முதல் வேலையாக நிறுத்த வேண்டும். தோள் வலிக்கிறது என்றதும் கிக் போர்டைக் கொடுத்துக் காலை மட்டும் அடிக்கச் சொல்வது எல்லாக் குளங்களிலும் நடக்கிறது. போர்டைப் பிடித்துக் கைகளை முன்னே நீட்டி, உடலின் மேற்பகுதி அதன்மேல் அழுந்தும் அந்த நிலைதான் வலிக்கிற தோளுக்கு மிகவும் ஆகாதது. கைகளைப் பக்கவாட்டில் வைத்து மல்லாந்து உதைக்கட்டும். இல்லையென்றால் ஸ்நார்கெல் என்னும் மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்து உதைக்கட்டும்.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் பிள்ளையின் முழங்கால் பற்றி. காரணம் வேறு என்றாலும் வலி உருவாகும் விதம் ஒன்றுதான். அந்த உதையில் பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பிச் சுழன்று வந்து சேரும்போது முழங்காலின் உட்புறச் சவ்வு ஒவ்வோர் உதைக்கும் இழுபடுகிறது. முழங்கால் அந்தத் திசையில் வளைவதற்கென்று அமைந்த மூட்டு அல்ல. உதை தொடங்கும்போது தொடைகள் மிகக் குறுகியிருந்தாலும் வலி வரும், மிக அகன்றிருந்தாலும் வரும். இடுப்பு மூட்டு உள்நோக்கித் திரும்ப மறுத்தால் அந்தத் திருகலையும் முழங்காலே வாங்கிக்கொள்ளும். ஆகவே முழங்காலுக்கு உறை மாட்டுவதற்கு முன் இடுப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். தொடையின் உட்புறத் தசையில் வரும் வலியையும் முழங்கால் வலி என்றே பிள்ளைகள் சொல்வதுண்டு.

எங்கள் ஆட்டத்தில் இவை எல்லாம் சேர்ந்தே வரும். தரையைத் தொடக் கூடாது என்பதால் ஆட்டம் முழுவதும் இரு கால்களையும் மாறி மாறிச் சுழற்றியே மிதக்கிறோம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்காரரின் முழங்காலுக்கு நேர்வது எங்களுக்கும் நேர்கிறது. பந்தைப் பார்க்கத் தலையைத் தூக்கியே நீந்துவதால் கழுத்தும் இடுப்பும் வளைந்தே இருக்கின்றன. ஆண்கள் ஆட்டத்தில் 400 முதல் 450 கிராம் எடையுள்ள ஈரப்பந்தை, கால் ஊன்ற நிலமில்லாமல், எதிராளி கையைப் பிடித்து இழுக்கும்போதே எறிய வேண்டும். தரையில் நின்று எறிபவருக்குக் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கிடைக்கும் வலிமையில் பெரும்பங்கு எங்களுக்குக் கிடைப்பதில்லை, அந்தக் குறையைத் தோள்தான் ஈடுகட்டுகிறது. விரல் பிசகுவதும் முகத்தில் முழங்கை படுவதும் கணக்கிலேயே வராதவை.

கடைசியாக, கிலோமீட்டர் குறைந்தால் வேகம் போய்விடும் என்று அஞ்சும் பயிற்சியாளர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்கெவாய் தண்ணீரில் நீந்தும் தொலைவை வெகுவாகக் குறைத்து, உடற்பயிற்சிக் கூடத்தில் பலம் சேர்த்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 21.25 வினாடியில் தங்கம் வென்றார்.

நெய்வேலி_நீச்சல் எழுதியது:

மெக்கெவாய் உதாரணம் 50 மீட்டருக்குப் பொருந்தும்; 200 மீட்டர் நீந்தும் பிள்ளைக்கு அப்படியே பொருந்துமா என்பது எனக்கு ஐயம்தான். நான் சொல்ல வந்தது வேறொன்று. தோளில் வலித்தால் தோளில்தான் கோளாறு என்று முடிவு செய்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் நீந்தக் கற்று வளர்ந்த சஜன் பிரகாஷுக்குக் கழுத்தில் வட்டு (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்) விலகிப் பெரும் சிரமம் ஏற்பட்டது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு மீண்டு வந்து, 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38 நேரத்தில் நீந்தி, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். வலி முழங்கையைத் தாண்டி இறங்கினாலோ, விரல்கள் மரத்தாலோ, கழுத்தைத் திருப்பும்போது கூடினாலோ, கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மகள் பட்டர்ஃப்ளை நீந்துகிறாள் என்பதால் இடுப்பையும் விசாரித்து வையுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் கீழ் முதுகு பின்புறமாக வளைகிறது. ஜப்பானில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஓர் எம்ஆர்ஐ ஆய்வில், முன்னணி நீச்சல் வீரர்களில் 68 விழுக்காட்டினருக்கு முதுகு வட்டுத் தேய்மானம் இருந்தது. பொழுதுபோக்காக நீந்தியவர்களில் அது 29 விழுக்காடு. வளரும் வயதில், பின்னால் வளையும்போது மட்டும் கீழ் முதுகின் ஒரு பக்கத்தில் வலித்து, வாரக்கணக்கில் தீராமல் இருந்தால், முள்ளெலும்பின் மெல்லிய பின்பகுதியில் நுண்முறிவு இருக்கலாம். அதைச் சதைப்பிடிப்பு என்று விட்டுவிடக் கூடாது.

என் தங்கை மகன் டைவிங் பயில்கிறான், அங்கே கதையே வேறு. 10 மீட்டர் மேடையிலிருந்து விழும் உடல் தண்ணீரைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நீச்சல்காரரின் தோள் ஆயிரக்கணக்கான சிறு சுமைகளால் தேய்கிறது என்றால், டைவிங்கில் தண்ணீரை முதலில் உடைக்கும் உள்ளங்கைகள் ஒவ்வொரு முறையும் பெரிய அடியை வாங்குகின்றன. மணிக்கட்டு பின்னால் மடங்கி, முழங்கை இறுகி, தோள் காதோடு ஒட்டிப் பூட்டிக்கொண்டால்தான் அந்த விசை உடலுக்குள் சீராக இறங்கும். ஒரு நொடி பிந்தினால் மணிக்கட்டிலோ தோளிலோ கீழ் முதுகிலோ போய் முடியும். மணிக்கட்டில் டேப் சுற்றாமல் அவன் மேடை ஏறுவதே இல்லை.

குளக்கரை_அப்பா எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி கைகளை இறக்கச் சொல்லிப் பார்த்தோம். எட்டாவது ஒன்பதாவது முறையில் வலது பக்கம் தெளிவாகத் துருத்துகிறது. மூச்சு எப்போதும் இடப்பக்கம்தான் எடுப்பாளாம். விரல் மரத்துப்போவதோ கழுத்துவலியோ இடுப்புவலியோ இல்லை. மருத்துவரிடம் பேசினேன், பிசியோ சிகிச்சைக்குப் பிறகும் குறையாவிட்டால் எம்ஆர்ஐ எடுத்துக்கொள்ளலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. போட்டிக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. வலிநிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டோ, தோளில் ஊசி போட்டுக்கொண்டோ இந்த ஒரு போட்டியை மட்டும் நீந்திவிடலாம் என்று வேறொரு பெற்றோர் சொல்கிறார். அது சரியா? இந்த ஐந்து வாரத்தில் அவள் தண்ணீரில் என்னதான் செய்யலாம்?

தோள்_பிசியோ எழுதியது:

ஊசி வேண்டாம் ஐயா. தோளில் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியை அடக்கும். அந்த அமைதியில் அவள் முழு வேகத்தில் நீந்தி, ஏற்கெனவே நலிந்த தசைநாணை மேலும் கெடுத்துக்கொள்ளக்கூடும். 15 வயதுப் பிள்ளைக்கு முதல் சிகிச்சையாக அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அதோடு, ஊக்கமருந்து விதிகளும் குறுக்கே நிற்கின்றன. 2022 ஜனவரி முதல், இந்த ஸ்டீராய்டு அடங்கும் குளூக்கோகார்ட்டிகாய்டு வகை மருந்துகளை எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் அது தடைசெய்யப்பட்டதே. டிராமடால் என்ற வலிநிவாரணியும் 2024 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடைப்பட்டியலில் இருக்கிறது. சில கூட்டு மாத்திரைகளில் அது பாராசிட்டமாலோடு சேர்ந்தே வருவதால், மருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கிப் போடாமல் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இபுபுரூஃபன் தடைசெய்யப்பட்டதல்ல. ஆனாலும் வலியை மறைத்துக்கொண்டு நீந்துவதற்காக அதைப் போடக் கூடாது, அதிலும் வெறும் வயிற்றில் கூடவே கூடாது.

நண்பர் கைவீச்சின் முறையைச் சொன்னது சரியே. நானும் கிலோமீட்டரை மட்டும் குறை சொல்லவில்லை. களைப்புத்தான் முறையைக் கெடுக்கிறது, கிலோமீட்டர்தான் களைப்பைத் தருகிறது என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மகளுக்குத் தோள்பட்டை எலும்பு எட்டாவது முறையில் துருத்தத் தொடங்குகிறது என்பதே இதற்குச் சான்று. புதிதாக இருக்கும்போது தசை பிடித்து வைக்கிறது, களைத்ததும் விட்டுவிடுகிறது. கைவீச்சைத் திருத்துவதானால் செட்டின் தொடக்கத்தில் நன்றாக நீந்தும்போது திருத்திப் பயனில்லை. எந்த நீளத்தில் கெடுகிறதோ அதற்குச் சற்று முன்னால் செட்டை முடித்துவிட வேண்டும்.

நேரில் பார்க்கும் பிசியோ அவளுக்கேற்ப மாற்றிக்கொள்ளட்டும். பொதுவாக நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் வாரம் பட்டர்ஃப்ளை, பேடில், போர்டு மூன்றும் கிடையாது. மல்லாந்து காலுதை, ஸ்நார்கெல் மாட்டிய காலுதை, வலி கூடாத அளவுக்கு இலகுவான ஃப்ரீஸ்டைல் ஆகியவை இருக்கும். ஃப்ரீஸ்டைலில் மூச்சை இரு பக்கமும் மாறி மாறி எடுக்கப் பழக வேண்டும். முதலில் அது எரிச்சலாகத்தான் இருக்கும். மொத்த அளவு இப்போதைய அளவில் பாதிக்கும் கீழே தொடங்கும். பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். தொலைவையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டுவதில்லை.

தரையில் மூன்று பயிற்சிகள் போதும். முழங்கையைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, தெராபேண்டை (பயிற்சிக்கான ரப்பர் பட்டை) வெளிப்பக்கம் இழுத்து, மெல்லத் திரும்ப விடுவது ஒன்று. சுவரில் கையூன்றித் தண்டால் எடுத்து, கைகள் முழுதும் நீண்ட பிறகும் முதுகை இன்னும் சற்றுப் பின்னால் தள்ளி நிறுத்துவது இரண்டாவது. அந்தக் கடைசித் தள்ளலில்தான் செரேட்டஸ் தசை வேலை செய்கிறது, பிள்ளைகள் சோம்பிவிடுவதும் அங்கேதான். மூன்றாவது, குப்புறப் படுத்துக் கைகளை முதலில் ஆங்கில T எழுத்துப் போலவும் பிறகு Y எழுத்துப் போலவும் விரித்து உயர்த்துவது. இவற்றைக் கடுமையான நீச்சலுக்கு முன்பு செய்யக் கூடாது. களைத்த தசைகளோடு தண்ணீரில் இறங்குவது நாமே தேடிக்கொள்ளும் வினை.

வலியை எப்படி அளப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் கொடுக்கச் சொல்லுங்கள். நீந்தும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை சடை பின்னும்போது முந்தைய நாளைவிடக் கூடாமல் இருந்தால் அந்த அளவைத் தோள் தாங்கிக்கொண்டது என்று கொள்ளலாம். காலையில் கூடியிருந்தால், முந்தைய மாலையில் செய்ததில் ஒன்றைக் குறைக்க வேண்டும். மாலையில் வரும் வலியைவிடக் காலையில் எழுந்ததும் சொல்லும் எண்ணையே நான் அதிகம் நம்புகிறேன்.

போட்டியைப் பொறுத்தவரை, நான்காவது வாரக் கடைசியில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலைப் போட்டி வேகத்தில் ஒருமுறை நீந்திப் பார்க்கட்டும். மறுநாள் காலை எண் கூடாவிட்டால் அந்தப் பிரிவில் மட்டும் பெயர் கொடுங்கள். 100 மீட்டர் பட்டர்ஃப்ளைக்கு ஐந்து வாரம் போதாது என்றே நினைக்கிறேன். ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வென்ற அமெரிக்காவின் மிஸ்ஸி ஃபிராங்க்ளின், இரு தோள்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் வலி தீராமல் 2018-இல் தம் 23-ஆம் வயதில் ஓய்வு பெற்றார் என்பதைப் பயிற்சியாளரிடம் பேசும்போது சொல்லுங்கள். அவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு வரும் ஆண்டில், படிப்புக்காகக் குளத்தை அடியோடு விடாமல் வாரத்துக்கு இரண்டு முறையாவது இலகுவாக நீந்தவும், தெராபேண்டை வீட்டில் இழுக்கவும் இப்போதே அவரோடு பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவள் சொல்லும் வலி எண்களை ஒரு நோட்டில் எழுதி, அதை முதல் சிகிச்சைக்குப் போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.